தனிச்சட்டியின் அரசியல்

சில ஆண்டுகளாக இலக்கிய இதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் உணவைப் பற்றிய கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. பாட்டி அரைத்த மசாலா, ஆற்றுமீன் குழம்பு, பழைய சோறும் சுண்டவைத்த குழம்பும், விறகடுப்பில் வெந்த வெள்ளாட்டுக்கறி, மழைநாளின் நண்டு ரசம் என்று நாவூறும் பட்டியலுக்குக் குறைவில்லை. எழுதுவோரும் நல்ல எழுத்தாளர்கள்தாம். எனினும் இவற்றைத் தொடர்ந்து வாசிப்பவர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். பன்றி இக்கட்டுரைகளில் அநேகமாக வருவதேயில்லை. வந்தாலும் சாக்கடையில் புரளும் உருவகமாக வருகிறதே தவிர, தட்டில் வைத்த உணவாக வருவதில்லை. மண்வாசனை பேசும் நம் எழுத்துக்கு இந்த ஒரு வாசனை மட்டும் ஏன் ஆகாமற்போயிற்று?

கேள்வியை இன்னும் நேராகவே கேட்டுவிடுவோம். தமிழ்நாட்டில் பன்றிக்கறி விற்கப்படுகிறது, வாங்கப்படுகிறது, உண்ணப்படுகிறது. ஆனால் உண்ணும் வீடுகள் பலவற்றில் அது அடுக்களைக்குள் வருவதில்லை. கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டி, அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில் ஆண்கள் சமைக்கிறார்கள். உண்டு முடித்ததும் சட்டி வெளியிலேயே கவிழ்த்து வைக்கப்படுகிறது. ஆட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் இல்லாத இந்தத் தனிச்சட்டி பன்றிக்கு மட்டும் எதற்கு? தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். நம் கொல்லைப்புறத்தின் தனிச்சட்டியைப் பற்றி எழுதியதில்லை. இரண்டும் ஒரே கையால் வனையப்பட்டவை என்பதே நம் வாதம்.

வாதத்துக்குள் நுழையுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. விலக்கு வேறு, இழிவு வேறு. இசுலாமியரும் யூதரும் தத்தம் சமயநெறியின்படி பன்றியை விலக்குகின்றனர். புலால் முழுவதையுமே மறுத்தவர்கள் இருக்கின்றனர். அவர்களோடு நமக்கு எவ்வித வழக்கும் இல்லை. தன் நாவுக்கு ஒருவர் தாமே இட்டுக்கொள்ளும் எல்லை மதிக்கத்தக்கது. நம் வழக்கு, எல்லா இறைச்சியையும் உண்டுகொண்டு, பன்றியைத் தின்பவர் என்ற ஒரு சொல்லால் இன்னொரு மனிதரைக் கீழிறக்கும் பொதுப்புத்தியோடுதான். விலக்கு உண்பவர் தன்னளவில் நின்றுவிடும். இழிவு அடுத்தவர் தட்டுவரை கைநீட்டும்.

இந்த இழிவு தமிழில் தொன்றுதொட்டு வருவது என்று எவரேனும் சொல்வாராயின் அவரை நூல்களிடம் அனுப்புவதே முறை. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பெயர், பெண்பெயர்களை வகுத்துச் சொல்கிறது. பன்றியின் குட்டிக்குக் குருளை என்ற பெயரை அது தருகிறது. புலியின் குட்டிக்கும் அதே பெயர்தான். களிறு என்ற சொல்லை யானைக்குச் சிறப்பாக உரியது என்று கூறிய கையோடு, ஆண்பன்றிக்கும் அது விலக்கப்படவில்லை என்கிறது. யானையின் பெயரைப் பன்றிக்குக் கொடுக்கக் கூசாத இலக்கணம் நம்முடையது. கேழல், ஏனம் என்று எத்தனை பெயர்கள்! தெலுங்கிலும் குடகிலும் பந்தி, கன்னடத்தில் ஹந்தி, மலையாளத்தில் பன்னி என்று ஒரே வேரில் கிளைத்த சொற்கள் தென்னகம் முழுவதும் வழங்குகின்றன. சாளுக்கியர் அவ்விலங்கைத் தம் இலச்சினையில் பொறித்தனர். தென்னிந்தியாவின் பொற்காசு வராகன் என்றே பெயர் பெற்றது. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் பூமகளைத் தாங்கி நிற்கும் திருவுருவத்தின் முன் நாம் வியந்து நிற்கிறோம். கல்லிலும் பொன்னிலும் வணக்கத்துக்குரியது, கறியானவுடன் எப்படி வாயால் சொல்லத்தகாத சொல்லாயிற்று?

உண்டதற்குச் சான்று வேண்டுமாயின் அதுவும் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணனுக்குக் கடற்கரைப் பட்டினமொன்றில் கிடைக்கும் விருந்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் விவரிக்கிறார். கள் சமைக்கும் மகளிர் கழுவி ஊற்றிய நீர் தேங்கிய சேற்றில் பெண்பன்றிகளும் குட்டிகளும் புரள்கின்றன. அவற்றோடு திரியவிடாமல், குட்டையான கால்களையுடைய ஓர் ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்மாவு ஊட்டிப் பல நாள் வளர்க்கின்றனர். அதன் கொழுத்த தசையும் களிப்புமிக்க கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும் என்கிறார் புலவர். ஓடவிடாமல் வைத்துத் தானியம் ஊட்டினால் தசையில் கொழுப்பு ஏறும் என்ற வளர்ப்பறிவு இங்கே ஐயத்துக்கிடமின்றிப் பதிவாகியிருக்கிறது. பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றித் தந்தவர் உ.வே.சாமிநாதையர். தாம் உண்ணாத உணவைப் பாடும் அடிகளையும் தமிழுக்குக் காத்துத் தந்தவர் அவர். விலக்குக்கும் இழிவுக்கும் உள்ள தொலைவை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கல்லூரி வகுப்பறையில் இப்பகுதியைப் பாடம் சொல்கையில் பன்றி என்ற சொல் வந்ததும் எழும் சிரிப்பை நாம் அறிவோம். அச்சிரிப்பு எழும்போது சில மாணவர்கள் தலைகுனிந்து புத்தகத்தைப் பார்ப்பதையும் அறிவோம். முன்னதைவிடப் பின்னதுதான் நம்மை இதை எழுதவைக்கிறது.

அடுத்த சாட்சி சமய இலக்கியத்திலிருந்தே வருகிறது. கண்ணப்பர் கண்ணை அப்பிய கதை நாடறிந்தது. அவர் கறி சமைத்த கதையைத்தான் நாம் விரைந்து தாண்டிவிடுகிறோம். சேக்கிழார் தாண்டவில்லை. திண்ணனார் வேட்டையாடிய பன்றி பொன்முகலி ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப்படுகிறது, காடன் தீக்கடைகிறான், திண்ணனார் தசையைத் தீயில் வாட்டி, பதம் பார்த்து, பல்லால் அதுக்கிச் சுவை கண்டு, நல்லவற்றை மட்டும் தேர்ந்து இலைக்கல்லையில் வைக்கிறார். பின்னொரு நாள் படைக்கும்போது, இது முன்னையதைவிட நன்றென்றும், தாமே சுவைத்துப் பார்த்ததென்றும், தேனும் கலந்திருப்பதால் இனிக்கும் என்றும் இறைவனிடம் எடுத்துச் சொல்கிறார். நேற்றைய சமையலை இன்று திருத்திக்கொள்ளும் ஒரு சமையற்காரரின் குரலல்லவா அது! சிதறிக்கிடந்த இறைச்சியையும் எலும்பையும் கண்டு பதறிய சிவகோசரியார் இடத்தைத் தூய்மை செய்கிறார். இறைவன் அவர் கனவில் தோன்றி வேடரின் அன்பை உணர்த்துகிறார். நூற்றாண்டுகள் பல கடந்துவிட்டன. சிவகோசரியார் கண்ட கனவு நமக்குத்தான் இன்னும் வரவில்லை.

கனவு வராவிட்டாலும் நட்சத்திர விடுதிகள் வந்துவிட்டன. அங்கே போர்க் சாப்ஸ் என்று எழுதியிருந்தால் விலை கேளாமல் வரவழைக்கிறோம். ஹாம், பேக்கன், சலாமி என்ற பெயர்களை உச்சரிக்கையில் நம் நாக்கு சற்றே நாகரிகமடைந்துவிடுகிறது. அதே இறைச்சியை ஊர்க்கோடியில் ஒருவர் வெட்டி இலையில் கட்டித் தந்தால் முகம் சுளிக்கிறோம். வேறொரு சாராரோ மூலநோய்க்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு உண்கின்றனர். ஆங்கிலப் பெயரும் மருத்துவச் சாக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் தின்பவரை அந்த இறைச்சியின் பழைய உரிமையாளரிடமிருந்து பிரித்துக் காட்டும் தனிச்சட்டிகள். கூடவே, வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரிக்கும் நகரங்களில் நாம் வாழ்கிறோம். அந்த விசாரணையின் உண்மையான பொருள் நம் அனைவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் சுகாதாரம் என்ற வாதம் தவறாமல் எழும். பன்றி மலம் தின்னும், அதன் கறியைத் தின்றால் மூளையில் புழு வரும் என்பார்கள். இதற்கு அறிவியலின் துணைகொண்டே மறுமொழி கூறுவோம். டீனியா சோலியம் என்ற நாடாப்புழு உண்மைதான். அதன் இளம்பருவக் கட்டிகள் உள்ள பன்றிக்கறியை வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நோய் வேறு வழியில் வருகிறது. நாடாப்புழுவைக் குடலில் சுமக்கும் மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலோ அசுத்த நீராலோ காய்கறியாலோ இன்னொருவர் வாய்க்குள் சென்றால்தான் அது நேர்கிறது. பன்றிக்கறியைக் கண்ணாலும் காணாத மரக்கறியாளருக்கும் அந்நோய் வருவது இதனால்தான். தடுக்கக்கூடிய வலிப்புநோய்க்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் இதைக் குறிப்பிடுகிறது. தடுக்கும் வழி கழிப்பறை, கைகழுவுதல், தூய நீர், நன்கு வெந்த இறைச்சி. பன்றிக்கும் அந்தப் புழு மனித மலத்திலிருந்துதான் போய்ச் சேர்கிறது.

ஆகவே பன்றி மலம் தின்கிறது என்போரிடம் நாம் ஒன்று கேட்கவேண்டும். அந்த மலம் யாருடையது? திறந்தவெளியில் கழித்தவர் நாம். அதை அள்ளும் வேலையைச் சில சாதிகளின் தலையில் சுமத்தியவர் நாம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டமும், அது போதாதென்று 2013இல் இன்னொரு சட்டமும் இயற்றவேண்டியிருந்தது. நம் அசுத்தத்தை அகற்றிய மனிதரையும் அதைத் தின்ற விலங்கையும் சேர்த்து அசுத்தம் என்றோம். அசுத்தம் செய்தவர் மட்டும் சுத்தமாகவே இருந்துவிட்டார். கொட்டிலில் அடைத்துத் தீவனம் கொடுத்து வளர்க்கும் வெண்பன்றிக்கும் தெருச் சாக்கடைக்கும் தொடர்பில்லை. சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் பன்றி வளர்ப்பை முறையாகவே ஆய்ந்துவருகிறது. கோழியும் குப்பையைக் கிளறும் பறவைதான். அதற்காகக் கோழிக்குத் தனிச்சட்டி வைத்தவர் யாருமில்லை.

சரி, என்ன செய்யவேண்டும் என்கிறீர்கள் என்று கேட்கலாம். மாநாடு வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றாடம் புழங்கும் சட்டியில், வீட்டு அடுப்பில், பன்றிக்கறியைத் துண்டமாக வாட்டி ஒரு சாற்றோடு பரிமாறுங்கள் என்கிறோம். குழம்பு வைக்கலாமே, ஏன் இந்த மேல்நாட்டு ஸ்டேக் என்று நண்பர்கள் கேட்பர். குழம்பை நாம் மறுக்கவில்லை. கச்சம்புளி விட்டுக் குடகர் செய்யும் பந்திக்கறி தென்னகச் சமையலின் பெருமைகளில் ஒன்று. ஆனால் நம் வீடுகளில் பன்றிக்கறிக்கு நேர்வது வேறு. பாவம் கழுவுவதுபோல் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மிளகாயால் மூடி, இறைச்சியின் சுவை அறவே தெரியாதவாறு செய்துவிடுகிறோம். துண்டமாக வாட்டும்போது மறைக்க இடமில்லை. கறி தன் சுவையோடு நம் முன் நிற்கும்.

முறையும் எளியதுதான். முதுகுப்பகுதி அல்லது கழுத்துப்பகுதியில், ஓரத்துக் கொழுப்பை நீக்காமல், ஓர் அங்குலக் கனத்தில் 200 கிராம் அளவுள்ள நான்கு துண்டுகள் வெட்டித்தரச் சொல்லுங்கள். கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் என்ற கணக்கில் உப்பைத் தடவி முதல்நாள் இரவே குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளிறங்கித் தசையை நீர்ப்பிடிப்பு உள்ளதாக்கும். மறுநாள் சமைக்குமுன் ஈரத்தைத் துணியால் நன்கு ஒற்றியெடுக்கவேண்டும். ஈரம் உள்ளவரை மேற்பரப்பின் வெப்பம் 100 பாகை செல்சியசைத் தாண்டாது. கறி அவியுமேயன்றிச் சிவக்காது. சிவப்பும் நறுமணமும் ஏறத்தாழ 140 பாகைக்கு மேல் விரைந்து நிகழும் மாற்றத்தால் வருபவை. 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார் பெயராலேயே அம்மாற்றம் அழைக்கப்படுகிறது.

விளிம்புள்ள, அடிகனமான இரும்புச் சட்டியை நன்கு காயவைத்து, துண்டுகளைக் கொழுப்போரம் கீழிருக்க நிறுத்திவையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கொழுப்பு உருகி ஓடும். வேறு எண்ணெய் தேவையில்லை. பின்னர் படுக்கவைத்துப் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்டி, தீயைத் தணித்து, உள்வெப்பம் ஏறும்வரை திருப்பித் திருப்பி விடவேண்டும். முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 63 பாகை வெப்பமும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அமெரிக்க வேளாண்துறை 2011இல் தன் பழைய அளவான 71 பாகையைக் குறைத்துக்கொண்டது. இறைச்சிச் சோதனை எல்லா இடங்களிலும் உறுதியாக நடவாத நம் ஊரில் 71 பாகையே தக்கது. இறைச்சி வெப்பமானி ஒன்றை வாங்கிவிட்டால் நிறத்தைப் பார்த்து ஊகிக்கும் தொல்லை இல்லை. பரிமாறுமுன் ஐந்து நிமிடம் தட்டில் ஆறவிடுங்கள்.

சாறு அதே சட்டியில்தான் பிறக்கவேண்டும். மிகுந்த கொழுப்பை வடித்து ஒரு கரண்டி மட்டும் விட்டு, பத்துச் சின்ன வெங்காயத்தையும் நான்கு பூண்டுப்பல்லையும் அரிந்து வதக்கி, ஒரு தேக்கரண்டி மிளகைப் பருபருவென்று தட்டிப் போடுங்கள். அரைக்கோப்பை நீர் ஊற்றி, அடியில் ஒட்டிய செம்பழுப்பைச் சுரண்டிக் கரையுங்கள். சுவையின் சாரம் அந்த அடிப்பிடிப்பில்தான் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி புளிக்கரைசல் சேர்த்து, கரண்டியில் படியும் பதத்துக்குக் குறுக்கி, தட்டில் ஊறியிருக்கும் இறைச்சிச் சாற்றையும் விட்டு இறக்குங்கள். புளி இரும்பில் நெடுநேரம் கொதிக்கலாகாது. இறுதியாக ஒரு தேக்கரண்டி தேன். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியபுராணம் படித்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஏனத்தைத் தேடி மட்டும் காட்டுக்குப் போகவேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றி வேட்டையைத் தடுக்கிறது.

சமையலிலும் ஒரு பொதுப்புத்தி உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். கறியை முதலில் சூட்டில் வாட்டுவது உள்நீரை அடைத்துப் பூட்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக் கருதினார். சோதித்துப் பார்த்தவர்கள் அது அப்படியன்று என்று காட்டிவிட்டனர். வாட்டிய கறியிலிருந்தும் நீர் வடியத்தான் செய்கிறது. வாட்டுவதால் கிடைப்பது நிறமும் சுவையும். இருப்பினும் அந்த நம்பிக்கை இன்றும் அடுக்களைகளில் உலவுகிறது. பெரிய பெயரொன்றின் நிழலில் வாழும் பிழை எளிதில் சாகாது. பன்றியின் தீட்டும் அவ்வகைதான். வேறுபாடு ஒன்றே: லீபிக்கின் பிழையால் எந்த மனிதரும் அவமானப்படவில்லை.

அவமானம் எத்தகையது என்பதை நம் கலைகள் காட்டத் தொடங்கிவிட்டன. நாகராஜ் மஞ்சுளே 2013இல் இயக்கிய மராத்தித் திரைப்படத்தின் பெயர் ஃபன்றி. தமிழுக்கு நெருங்கிய உறவுடைய கைக்காடி மொழியில் அது பன்றியையே குறிக்கும். ஊரார் வேடிக்கை பார்க்க, தன் குடும்பத்தோடு பன்றி பிடிக்க ஓடும் சிறுவன் ஜப்யாவின் முகத்தை எளிதில் மறக்கவியலாது. கடைசியில் அவன் எறியும் கல் நம்மை நோக்கித்தான் வருகிறது. 2023இல் மாரி செல்வராஜின் மாமன்னன் திரைப்படத்தில் பன்றி வளர்க்கும் நாயகன் தமிழ்த்திரையில் தலைநிமிர்ந்து நின்றான். திரையரங்கில் கைதட்டினோம். நன்று. கைதட்டிய கையால் அந்தக் கறியை வாங்கிவந்து வீட்டு அடுப்பில் ஏற்றினோமா என்பதே மிஞ்சும் கேள்வி.

ஒரு துண்டுக் கறியால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பவர்க்கு நம் மறுமொழி சிறியது. ஒழியாது. தனிக்குவளை ஒழிந்ததாலும் சாதி ஒழிந்துவிடவில்லை; அதற்காகக் குவளையை அப்படியே விட்டுவைத்திருக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சாதி பெரிய கோட்பாடுகளில் மட்டும் குடியிருப்பதன்று. பாத்திர அடுக்கிலும் அது இருக்கிறது. அங்கிருந்து அதை அப்புறப்படுத்த அரசாணை தேவையில்லை.

உண்ண விரும்பாதவர் உண்ணவேண்டாம். உண்பவர் ஒளியவேண்டாம். நாவூறும் உணவுக் கட்டுரைகளை எழுதும் நண்பர்கள் அடுத்த கட்டுரையில் இதைப் பற்றியும் எழுதட்டும். நம்மை மறுத்தே எழுதட்டும். அதற்குமுன் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சட்டியை எடுத்துக் கழுவி, மற்றச் சட்டிகளோடு அடுக்களையில் வைத்துவிடட்டும்.